பழைய போர்ஷே 911-ல் ஆயில் கூலர் ஃபேனுக்கு வயரிங் எப்படிச் செய்வது?

கேட்டவரின் கார் 1986 கரேரா 3.2. ஓடும்போது பிரச்சினை இல்லை, டிராஃபிக்கில் நின்றால் ஆயில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. வலது முன் மட்கார்டுக்குள் இருக்கும் ஆயில் கூலருக்கு 12 வோல்ட் ஃபேன் ஒன்று வாங்கிவிட்டார். வயரை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி.

பழைய கார்களின் எலக்ட்ரிகல் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வயரைத் தொடும் முன் ஆயில் பைப்பைக் கவனியுங்கள். இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. காற்றும் ஆயிலும்தான் அதைக் குளிர்விக்கின்றன. ஆயில் 85 டிகிரியை ஒட்டிச் சூடானதும் வலது பின் சக்கரத்துப் பக்கம் இருக்கும் தெர்மோஸ்டாட் திறந்து, வண்டியின் வலது ஓரமாக ஓடும் பைப் வழியாக ஆயிலை முன்னால் அனுப்பும். வண்டி நன்றாகச் சூடான பிறகும் அந்தப் பைப் வெதுவெதுப்பாகவே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. வராத ஆயிலுக்கு ஃபேன் வைத்து என்ன செய்ய? அதேபோல, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போதும் முள் இறங்கவில்லை என்றால் காற்று போதாதது காரணமல்ல. உங்கள் வண்டி ஓடினால் சரியாகிவிடுகிறது என்பதால் ஃபேன் உதவும். 1987 மாடலிலிருந்து கம்பெனியே இங்கே ஃபேன் வைத்தது.

சரி, வயரிங். இந்த அளவு ஃபேன் ஓடும்போது 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும், சுற்றத் தொடங்கும் நொடியில் அதைவிட நன்றாகவே அதிகம். இந்தக் கரண்டை டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவோ, பழைய ஃபியூஸ் பெட்டியில் காலியாகத் தெரியும் ஒரு இடத்திலிருந்தோ எடுக்கவே கூடாது. அந்தப் பெட்டியில் இருப்பது இரண்டு முனையும் கூம்பிய பழைய வகை ஃபியூஸ். பிடிக்கும் தகடு கறுத்திருந்தால் ஃபியூஸ் போகாமலேயே பெட்டி உருகும். 30 ஆம்பியர் ரிலே ஒன்று வாங்குங்கள். சின்னக் கரண்டை அதன் காயிலுக்குக் கொடுத்தால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச் அது; முனைகளில் 30, 87, 86, 85 என்று எண் போட்டிருக்கும். காயில் 86-க்கும் 85-க்கும் நடுவே. பேட்டரி முன் டிக்கியின் இடது மூலையிலேயே இருப்பது வசதி. பாசிட்டிவ் முனையிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரியை விட்டு ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 முனைக்கு. 87-லிருந்து ஃபேனுக்கு. 86-க்கு இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் சப்ளை, அதற்குச் சின்ன ஃபியூஸ். 85, தெர்மோ சுவிட்ச் (சூடு ஏறினால் தானாகப் போடும் சுவிட்ச்) வழியாக எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக உடம்புக்கு. உள்ளே டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலே என்றால் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிவிடாதீர்கள், கரண்ட் டயோடு வழியாக நேராக எர்த்துக்குப் பாயும்.

வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் ஓடட்டும் என்று சிலர் நேரடி சப்ளை கொடுப்பார்கள். எஞ்சின் நின்றால் ஆயில் பம்பும் நின்றுவிடுகிறது. கூலரில் தேங்கிய ஆயில் மட்டும்தான் குளிரும், கூடவே பேட்டரி காலியாகும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தெர்மோ சுவிட்சைக் கூலருக்குப் போகும் லைனில் ஒரு அடாப்டர் வைத்துப் பொருத்துங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை அங்கே சூடான ஆயில் வராது, அதனால் ஃபேன் வீணாக ஓடாது. கம்பெனி வைத்த சுவிட்ச் 118 டிகிரியில்தான் போடும். எனக்கு அது தாமதமாகப் படுகிறது. 100-ஐ ஒட்டிப் போடும் சுவிட்சே என் தேர்வு. ஒற்றை முனை சுவிட்ச் என்றால் அதன் உடம்புதான் எர்த். லைன் ரப்பர் ஹோஸிலும் கூலர் ரப்பர் புஷ்ஷிலும் இருந்தால் அந்த எர்த்தை நம்ப முடியாது. இரண்டு முனை உள்ளதை வாங்கித் தனி எர்த் வயர் கொடுத்துவிடுங்கள். கையால் போட ஒரு சுவிட்ச் வேண்டுமென்றால் தெர்மோ சுவிட்சுக்கு இணையாக 85-ஐ எர்த் செய்தால் போதும். ரிலே காயில் இழுப்பது மிகக் குறைவு, மெல்லிய வயரே தாங்கும்.

வயர் நிறத்தில் கவனம். ஜெர்மன் கார்களில் பிரவுன் என்றால் எர்த். பழைய பிரிட்டிஷ் கார்களில் அதே பிரவுன்தான் ஃபியூஸே இல்லாமல் பேட்டரியிலிருந்து வரும் மெயின் வயர், எர்த் கறுப்பு. எம்ஜிபி மாதிரி பிரிட்டிஷ் வண்டியிலும் வேலை செய்பவர்கள் பழக்கத்தில் கையை வைத்துவிடுவார்கள். 1967-க்கு முந்தைய எம்ஜிபி பாசிட்டிவ் எர்த் வேறு, பேட்டரியின் பாசிட்டிவ்தான் உடம்போடு இணைந்திருக்கும். அதன் டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர்தான், ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது) அதுவும் வராது. ஃபேன் தேவைப்படுவதோ ஐடிலில்! 911-ல் ஆல்டர்னேட்டர் இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

ஃபேனின் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தாலும் மோட்டார் சுற்றும், ஆனால் தலைகீழாக. சத்தம் கேட்கிறதே என்று நம்பிவிடாமல் செய்தித்தாளில் ஒரு கீற்று கிழித்துக் கூலரின் முன்பக்கம் பிடியுங்கள். கூலரை நோக்கி ஒட்ட வேண்டும், வெளியே பறக்கக் கூடாது. கூலரின் இறகுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஊசி குத்தி ஃபேனை மாட்டும் கிட்டை மட்டும் வேண்டாம். அதிர்வில் அது ஆயில் போகும் குழாயை உரசி ஓட்டை போடும். பிராக்கெட் அடித்து மாட்டுங்கள்.

எர்த் வைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் லக்கை (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். முன் சக்கரத்துத் தண்ணீர் முழுக்க அங்கேதான் அடிக்கும். ரிலேயை டிக்கிக்குள்ளேயே வையுங்கள், ஃபேன் வயர் தகட்டைத் துளைத்து இறங்கும் இடத்தில் குரோமெட் (துளை ஓரம் வயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையம்) கட்டாயம்.

கடைசியாக மல்டிமீட்டர். எஞ்சின் ஐடிலில், ஃபேன் ஓடும்போது பேட்டரி முனையில் அளந்துவிட்டு, ஃபேனின் இரண்டு முனைக்கு நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட் குறைந்தால் பரவாயில்லை. 2 வோல்ட் குறைந்தால், 9 ஆம்பியரில் 18 வாட் சூடு ஏதோ ஒரு ஜாயின்ட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் முதலில் எர்த் லக்கைத்தான் கழற்றிப் பார்ப்பேன். அடுத்து ஃபியூஸ் ஹோல்டர்.