கீமோ நடக்கும்போது நாமாக வைட்டமின் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து இப்போது கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுகிறார். உடம்பு தேறட்டும் என்று மல்டிவைட்டமினும் மஞ்சள் கேப்சூலும் நாங்களே வாங்கிக் கொடுக்கிறோம். காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால். டாக்டர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பரவாயில்லையா?

பதில்: போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்தக் காய்ச்சலில்தான் அவசரம் இருக்கிறது. கீமோவில் வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நேரத்தில் தொற்று வந்தால் பல சமயம் காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும். பாராசிட்டமால் அதையும் மறைத்துவிடும். உள்ளே தொற்று வளர்ந்துகொண்டிருக்கும். தெர்மாமீட்டர் 100.4 ஃபாரன்ஹீட்டைத் (38 செல்சியஸ்) தொட்டால் நடுராத்திரி என்றாலும் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்து மல்டிவைட்டமின். அதன் லேபிளில் ஃபோலிக் ஆசிட் (ஒரு பி வைட்டமின்) இருக்கிறதா பாருங்கள், அநேகமாக இருக்கும். கேப்சிடபின் உடம்புக்குள் ஃப்ளூரோயூராசில் என்ற மருந்தாக மாறி, செல்கள் பெருகத் தேவையான ஒரு நொதியை முடக்குகிறது. ஃபோலிக் ஆசிட் கூடினால் அந்தப் பிடி இன்னும் இறுகும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நல்ல செல்களும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்: வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், உள்ளங்கை உள்ளங்கால் எரிச்சல். கடைசியில் கீமோவின் டோஸையே குறைக்க வேண்டிவரும். வேடிக்கை என்னவென்றால், பெமட்ரெக்ஸட் என்ற கீமோ மருந்துக்கு இதே ஃபோலிக் ஆசிட்டை டாக்டர்களே எழுதிக் கொடுப்பார்கள், பக்கவிளைவைக் குறைக்க. அதனால் பக்கத்து வீட்டு நோயாளிக்கு ஒத்துக்கொண்டது என்பதெல்லாம் கணக்கில் வராது.

சமையலில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். கேப்சூல் வேறு விஷயம். அதில் இருப்பது மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின், செறிவூட்டியது, உடம்பில் நன்றாக ஏற மிளகுச் சத்தும் பலவற்றில் சேர்க்கிறார்கள். இவற்றால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் ஏறினால், காரணம் கீமோவா கேப்சூலா என்று பிரிக்க முடியாமல் அடுத்த சுற்றே தள்ளிப்போகலாம்.

மூலிகைதானே என்பவர்களுக்கு ஒன்று. மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், பெருங்குடல் புற்றுநோய்க்கே தரப்படும் இரினோடிகன் என்ற கீமோ மருந்தின் செயல்படும் வடிவத்தை ரத்தத்தில் 42 சதவீதம் குறைத்தது, 2002இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில்.

சரி, இப்போது என்ன செய்வது? மல்டிவைட்டமினையும் கேப்சூலையும் நிறுத்தி வையுங்கள். அடுத்த முறை போகும்போது பாட்டில்களையே எடுத்துப்போய் மேஜைமேல் வையுங்கள். பெயர் மட்டும் சொன்னால் போதாது. டாக்டர் திட்டுவாரோ என்று தயங்காதீர்கள். பி12, வைட்டமின் டி குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் தேவையானதை அவரே தருவார். டாக்டர் எழுதிக் கொடுத்த பிரஷர், சுகர் மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அம்மா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டாம், இன்றே சொல்லுங்கள். கேப்சிடபினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து அதில் மிக அதிகம்.