கோபுரம் சாயாமல் படமெடுக்க எந்த கேமரா வாங்கலாம்?

கேள்வி: தக்கலையில் இருக்கிறேன். கட்டடங்களைப் படமெடுப்பதில் ஆர்வம். டிஜிட்டல் கேமராவில் எடுத்தால் சுசீந்திரம் கோபுரம் பின்னால் சாய்ந்த மாதிரி வருகிறது. 4×5 அங்குல ஃபிலிம் போடும் லார்ஜ் ஃபார்மட் கேமரா வாங்கி, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், பழைய தேவாலயங்கள் எல்லாவற்றையும் எடுக்கத் திட்டம். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தண்டின் மேல் நகரும் பழைய மோனோரயில் கேமரா மலிவாகக் கிடைக்கிறது. மடக்கி வைக்கிற மர ஃபீல்டு கேமராவுக்கு விலை அதிகம். எதை வாங்குவது?

பதில்: கோடுகள் நேராக வர வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால், கம்ப்யூட்டரிலேயே நிமிர்த்திவிடலாம், காசு மிச்சம். பெரிய ஃபிலிமில் எடுக்கும் ஆசையும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

உச்சியைப் பிடிக்க கேமராவை அண்ணாந்து வைப்பதால்தான் கோபுரம் சாய்கிறது. ஃபிலிம் இருக்கும் பின்பக்கம் செங்குத்தாக நின்றால் கோடுகள் சாயாது. லார்ஜ் ஃபார்மட்டில் பின்பக்கத்தை அசைக்காமல் முன்னால் உள்ள லென்ஸை மட்டும் மேலே ஏற்றலாம். கட்டடம் எடுக்கிறவர் காசு கொடுத்து வாங்குவது இந்த ஏற்றத்தைத்தான். மற்ற அசைவுகள் அதற்கு அடுத்தபடி.

அதனால் முதலில் லென்ஸை முடிவு செய்யுங்கள். லென்ஸ் பின்னால் விழுத்தும் ஒளி வட்டத்தை இமேஜ் சர்க்கிள் என்பார்கள். 4×5 ஃபிலிமில் படம் பதியும் பகுதியின் மூலைவிட்டம் சுமார் 153 மி.மீ. வட்டம் அதைவிட எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்குத்தான் ஏற்ற முடியும். ஷ்னைடரின் சூப்பர் ஆங்குலான் 90 மி.மீ. எஃப் 8 லென்ஸுக்கு வட்டம் 216 மி.மீ. ஃபிலிமை நெடுக்காக வைத்தால் 37 மி.மீ. வரை ஏற்றலாம்.

இதைச் சுசீந்திரத்தில் வைத்துப் பாருங்கள். கோபுரம் 134 அடி, கேமரா தரையிலிருந்து 5 அடியில் நிற்கிறது. லென்ஸை ஏற்றாமல் உச்சியைப் படத்துக்குள் கொண்டுவர 190 அடிக்கு மேல் பின்னால் போக வேண்டும். போனாலும் படத்தின் கீழ்ப்பாதி முழுக்க தெருதான். 37 மி.மீ. ஏற்றினால் 120 அடியிலேயே வேலை முடியும். அந்த எழுபது அடிக்குள்தான் மின்கம்பியும் பெயர்ப்பலகையும் நிறுத்தி வைத்த ஆட்டோவும் வந்து நிற்கும் என்பதை நான் சொல்லவே வேண்டாம்.

சரி, கேமரா. நீங்கள் சொன்ன இடங்களுக்கெல்லாம் வண்டி போகும். அதிகம் நடக்க வேண்டியது மாத்தூரில் மட்டும்தான். 115 அடி உயரத் தூண்களைக் கீழிருந்து எடுக்கப் படியிறங்கி, அப்புறம் ஏற வேண்டும். கார் இருந்தால் மோனோரயிலையே வாங்குங்கள் என்பேன். கிட்டத்தட்ட நாலு கிலோ இருக்கும், மடக்க வராது, பெட்டியும் பெரிது. ஆனால் லென்ஸ் தாராளமாக ஏறும், இறங்கும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியான பெல்லோஸையும் மாற்றலாம். 90 மி.மீ. லென்ஸ் போட்டால் முன்னும் பின்னும் நெருங்கி வரும். சாதாரண பெல்லோஸ் மடிப்பு மடிப்பாகத் திரண்டு லென்ஸை ஏறவே விடாது. அதற்கு பேக் பெல்லோஸ் என்ற தொளதொள பெல்லோஸ் வேண்டும். அதையும் சேர்த்து விலை பேசுங்கள். தனியாகத் தேடினால் அலைச்சல்.

பைக்கிலோ பஸ்ஸிலோதான் போவீர்கள் என்றால் ஃபீல்டு கேமராதான் சரி. இன்ட்ரெபிட் 4×5 ஒன்றேகால் கிலோ சுற்றித்தான் வரும். ஷென் ஹாவ், சமோனி, விஸ்டா எல்லாம் நல்ல மர கேமராக்கள். எதுவானாலும் விற்பவரிடம் ஒரே கேள்வி: 90 மி.மீ. போட்ட பிறகு முன்பக்கம் எத்தனை மி.மீ. ஏறும்? குறைவாக ஏறினாலும் வழி உண்டு. அடித்தட்டை மேல்நோக்கிச் சாய்த்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மறுபடி செங்குத்தாக நிமிர்த்தினால் ஏற்றம் கூடும். பழைய கிரவுன் கிராஃபிக் கேமரா மலிவாக வரும், பார்க்கவும் அழகு. அதில் ஏற்றம் சொற்பம், உங்களுக்கு ஆகாது.

ட்ரைபாடில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நம் ஊர்க்காரருக்குத் தெரியும். லென்ஸ் துளையை எஃப் 22-க்குச் சுருக்கி அரை நொடி திறந்திருக்கும்போது பெல்லோஸில் காற்று அடித்தால் படம் போச்சு. பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. ட்ரைபாடுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

கேள்வி: 90 மி.மீ. ஆங்குலான் எஃப் 6.8 லென்ஸ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: பெயரில் ‘சூப்பர்’ இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஆங்குலான் பழைய லென்ஸ். அதன் வட்டம் 4×5-ஐ மூடவே திணறும். ஏற்றினால் மூலை இருட்டிவிடும். மலை, கடல் எடுப்பவருக்குப் பரவாயில்லை, உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து பழைய லென்ஸும் கேமராவும் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: விளம்பரத்தில் ‘மின்ட்’, அதாவது புதுசு மாதிரி, என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். கீழே சின்ன எழுத்தில் பூஞ்சை, மங்கல் என்று எழுதியிருக்கிறதா படியுங்கள். பூஞ்சை உள்ள லென்ஸ் நம் கடலோர ஈரத்தில் இன்னும் மோசமாகும். ஷ்னைடர் லென்ஸின் உள் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது கறுப்புப் பெயின்ட் உதிர்வது, படத்தைப் பெரும்பாலும் பாதிக்காது. ஷட்டரை ஒரு நொடியில் வைத்து ஓடும் வீடியோ கேளுங்கள். பழைய ஷட்டர் முதலில் சொதப்புவது மெதுவான வேகங்களில்தான்.

கேமரா வந்ததும் அறையை இருட்டாக்கி, பெல்லோஸுக்குள் டார்ச் அடித்து, மடிப்பு மூலைகளை மெல்ல விரித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் படம் புகை படிந்த மாதிரி மங்கிவிடும். ஓரிரண்டு ஓட்டை என்றால் கறுப்புத் துணி டேப் போதும். நிறைய இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

சுங்க வரியையும் கூட்டித்தான் விலையை ஒப்பிட வேண்டும். இங்கே கடையில் பில்லோடு வாங்கி ஏமாந்தால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து பாருங்கள். வெளிநாட்டுத் தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பிடி நடைமுறையில் கிடைக்காது. வாங்கிய தளத்தின் திருப்பி அனுப்பும் விதிதான் துணை, அதன் கடைசி நாளைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: அரண்மனைக்குள் வெளிச்சம் குறைவு. எந்த ஃபிலிம்?

பதில்: இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம். நீண்ட நேரம் திறக்கும்போது ஃபிலிமின் வேகம் குறையும். வெளிச்சம் அளக்கும் மீட்டர் 10 நொடி காட்டினால் இதற்கு 20 நொடி கொடுத்தால் போதும். விலை குறைவு என்று ஃபோமாபான் 100 வாங்கினால் அதே இடத்தில் 80 நொடி நிற்க வேண்டும், பின்னால் சுற்றுலாக் கூட்டம் காத்திருக்கும். வீட்டில் கழுவுவதாக இருந்தால் டெவலப்பரை 20 டிகிரிக்குக் கொண்டுவர ஐஸ் வாங்கி வையுங்கள். நம் குழாய்த் தண்ணீர் அந்தக் குளிர்ச்சிக்கு வராது.