பிளாஸ்டர் சீலிங் தொங்கினால் இடிக்க வேண்டுமா?

தொங்கும் பிளாஸ்டர் சீலிங்கை முழுதாக இடித்துவிட்டு டிரைவால் (ஜிப்சம் பலகை) அடிக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 1890-களின் ஃபிலடெல்ஃபியா வீடு, மேல் ஃபிளாட் குளியலறைக்கு நேர் கீழே தொங்குகிறது என்றால், அநேகமாக ஈரம் ஊறி, பிளாஸ்டரைத் தாங்கும் மரப்பட்டிகளின் இடுக்கில் பிதுங்கிக் கெட்டிப்பட்டிருந்த சாந்து உடைந்து பிடிமானம் போயிருக்கும்.

உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தால் அதுதான். முதலில் மேலே ஒழுக்கை நிறுத்துங்கள், நன்றாகக் காயட்டும், அப்புறம் பிளாஸ்டர் வாஷரும் (ஸ்க்ரூ தலைக்கு அடியில் வைக்கும் அகன்ற உலோக வில்லை) ஸ்க்ரூவும் போட்டுப் பட்டியோடு இழுத்துப் பிடிக்கலாம். பொடியாக உதிர்கிற இடத்தை மட்டும் வெட்டிப் பூசினால் போதும்.

ஆனால் 1978-க்கு முந்தைய பெயின்ட், ஈயம் இருக்கலாம். வாடகைக்கு விடும் வீடு என்பதால் நீங்களே சுரண்டி இறங்காதீர்கள், ஈய வேலைக்குச் சான்று பெற்றவர்தான் செய்ய வேண்டும். பழைய கட்டடத்துக்கான 20 சதவீத அமெரிக்க மத்திய அரசு வரிச் சலுகை கேட்கிற எண்ணமிருந்தால், தொடும் முன்பே ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.