காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கீச்சிடுகிறது, மாற்றினால் போதுமா?

காரை எடுத்ததும் 'கீச்'சென்று கத்துகிறது, ஏசி போட்டால் இன்னும் கூடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் இன்ஜின் சுழற்சியால் ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம்), ஏசி கம்ப்ரஸர் எல்லாவற்றையும் ஓட்டுகிற பெல்ட் வழுக்குகிற சத்தம்தான் அது. ஸ்டார்ட் செய்ய இழுத்த சார்ஜை பேட்டரிக்குத் திரும்ப ஏற்ற ஆல்டர்னேட்டர் கொஞ்ச நேரம் கூடுதலாக உழைக்கும். அதோடு ஏசி கம்ப்ரஸரும் சேர்ந்தால் தளர்ந்த பெல்ட் புல்லியில் (பெல்ட் சுற்றி ஓடும் சக்கரம்) பிடிப்பில்லாமல் நழுவும்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. இன்ஜின் ஓடும்போதே பெல்ட்டின் வரிப் பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள் (கை, துப்பட்டா, சட்டை நுனி எதுவும் கிட்டே போகக் கூடாது). சத்தம் கூடினால் பெல்ட்டில் இறுக்கம் போதவில்லை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்கள். சட்டென நின்று, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை. அங்கே புது பெல்ட் போட்டாலும் கத்தும். தண்ணீருக்கு அசையாமல் கரகரவென்றே இருந்தால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஐட்லர் புல்லியை (எதையும் ஓட்டாமல் பெல்ட்டுக்கு வழிகாட்டும் சக்கரம்) கையால் சுற்றினால் மணல் அரைபடுவதுபோல் விரலிலேயே தெரியும்.

சோப்புக் கட்டி தேய்க்கிற வைத்தியம் வேண்டாம். சத்தம்தான் அடங்கும், கோளாறு அப்படியே இருக்கும். ஆயிலோ கூலன்டோ சொட்டி ஊறிய பெல்ட் என்றால், முதலில் கசிவை அடைத்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். வெடிப்பில்லை என்று ஏமாறவும் வேண்டாம். இப்போதைய ஈபிடிஎம் ரப்பர் பெல்ட்கள் வெடிக்காமலே டயர்போலத் தேயும்.

சத்தத்தோடு பேட்டரி விளக்கும் எரிந்தால் உடனே ஓரங்கட்டுங்கள். பல வண்டிகளில் இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது; பெல்ட் போனால் இன்ஜினும் சூடேறிவிடும்.