பழைய கார் கேள்வி-பதில்: பிளாக்கில் இருக்கும் தேதி

கேள்வி: 1969 செவ்ரோலெட் கமாரோ ஒன்று பார்த்திருக்கிறேன். இன்ஜின் பிளாக்கில் வார்ப்புத் தேதி (பிளாக்கை வார்த்த நாள்) 'கே 20 8' என்று இருக்கிறது. 8 என்றால் 1968. மாற்று இன்ஜினா? (டாலஸ் வாசகர்)

பதில்: பதறாதீர்கள். 1969 மாடல் கார்களை 1968-லேயே தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதல் எழுத்து மாதம்: ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று வரிசையாகப் போனால் கே என்றால் நவம்பர். கார் டிசம்பரிலோ ஜனவரியிலோ ஆலையை விட்டு வந்திருந்தால் பொருத்தம்தான். கோடை காலத்துக் கார் என்றால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: இந்தத் தேதி எங்கே இருக்கும், எப்படிப் படிப்பது?

பதில்: செவ்ரோலெட் சிறிய வி8-இல் பிளாக்கின் பின்கோடி, கியர்பாக்ஸ் பொருந்தும் விளிம்பு. பெரும்பாலும் பயணி பக்கம், அமெரிக்கக் காரில் வலது. ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். 'சி 14 9' என்றால் மூன்றாம் மாதம், 14-ஆம் தேதி, 9-இல் முடியும் வருடம். 1969-ஆ 1979-ஆ என்று அது சொல்லாது. 3970010 என்ற வார்ப்பு எண்ணுள்ள பிளாக்கை 1969-இல் தொடங்கி எழுபதுகளின் கடைசி வரை வார்த்தார்கள், அதனால் இந்தக் குழப்பம் நிஜமாகவே வரும்.

அப்புறம் முன்பக்கம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சமதளம். அதை பேட் என்பார்கள். 'வி0312டிஇசட்' மாதிரி இருக்கும்: பிளின்ட் ஆலை, மார்ச் 12, இசட்/28 என்ற வேகமான கமாரோவுக்கான 302 இன்ஜின். இதில் வருடமே கிடையாது. வார்ப்பு முதலில், இன்ஜின் பூட்டிய தேதி அடுத்து, கார் தயாரான தேதி கடைசி. இந்த வரிசை மாறவே கூடாது. இடைவெளி சில நாளிலிருந்து ஓரிரு மாதம் வரை இருக்கலாம்.

கேள்வி: கார் தகட்டில் '02சி', பிளாக்கில் 'சி 14 9'. முழுப் பணமும் அனுப்பிவிட்டேன். பரவாயில்லையா?

பதில்: தகட்டில் 02 மாதம், சி வாரம். பிப்ரவரி மூன்றாம் வாரத்துக் காருக்கு மார்ச் 14-இல் வார்த்த இன்ஜின் எப்படி வந்திருக்கும்? பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு மாதக் கணக்கைக்கூடப் பார்க்காமல் வாங்குபவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

கேள்வி: விளம்பரத்தில் 'டேட் கரெக்ட்' இன்ஜின் என்கிறார்கள். அதுவும் 'நம்பர்ஸ் மேட்சிங்' என்பதும் ஒன்றா?

பதில்: இல்லவே இல்லை, இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை போய் ரொம்ப நாளாகிறது. டேட் கரெக்ட் என்றால் தேதி பொருந்துகிற வேறொரு காரின் இன்ஜின். நம்பர்ஸ் மேட்சிங், அதாவது அந்தக் காரோடு பிறந்த இன்ஜின் என்றால், பேடில் அல்லது பிளாக்கில் காரின் சேஸிஸ் எண்ணின் ஒரு பகுதியும் இருக்க வேண்டும். 1969-இல் நார்வுட் ஆலைக் கமாரோவுக்கு '19என்' என்று தொடங்கும். விற்பவர்களோ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, விலையை மட்டும் இரண்டாவதற்குக் கேட்கிறார்கள். ஹெட், மேனிஃபோல்டு, ஆல்டர்னேட்டர் என எல்லாவற்றிலும் தேதி உண்டு என்பதால் அவற்றையும் தேதி பார்த்துத் தனித்தனியாக விற்கும் சந்தையே இருக்கிறது. நானும் அதில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வாங்கியவன்தான். தேதி அச்சு அசலாகச் சரி. பெயின்டுக்கு அடியில் ஒரு விரிசல். அது இன்னும் ஷெட்டில் கிடக்கிறது.

கேள்வி: ஃபோர்டு மஸ்டாங்கில் '9ஜே14'. அக்டோபர்தானே?

பதில்: செப்டம்பர். ஃபோர்டு ஐ எழுத்தை விட்டுவிடும், செவ்ரோலெட் விடாது. முதலில் இருப்பது வருடம்.

கேள்வி: டிஇசட் முத்திரையை நம்பி இசட்/28 வாங்கினேன். பேடைத் தேய்த்துப் புதிதாக அடித்திருக்கிறார்கள் என்கிறார் மெக்கானிக். வார்ப்புத் தேதி சரியாகத்தான் இருக்கிறது. பில்லில் 'ஆஸ் இஸ்' (உள்ளது உள்ளபடி, பின்னால் பொறுப்பில்லை) என்று எழுதியிருக்கிறார்கள். ஓய்வுப் பணம் போய்விட்டது.

பதில்: உங்கள் மீது தப்பில்லை. இது அனுபவஸ்தர்களே ஏமாறும் வேலை. சரியான தேதியுள்ள பிளாக்கைத் தேடிப் பிடித்து, பேடைத் தேய்த்து, வேண்டிய எழுத்தை அடிப்பார்கள். ஆலையில் சீவிய பேடில் பிளாக்கின் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். தேய்த்த இடத்தில் குறுக்குக் கீறலோ வழவழப்போதான் இருக்கும். நேர்மையான பட்டறையில் மட்டம் சீவினாலும் கோடு போகும், ஆனால் முத்திரையும் சேர்ந்து போகும். கோடு இல்லாமல் முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தால் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

விளம்பரத்தையும் செய்திகளையும் சேமித்து வையுங்கள். தனி நிபுணர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி வழக்கறிஞரைப் பாருங்கள். 'அசல் இன்ஜின்' என்று அவர்கள் எழுதியிருந்தால், 'ஆஸ் இஸ்' என்ற வார்த்தை பொய்க்குக் குடை பிடிக்காது. அதுவரை பேடை யாரும் தொட வேண்டாம்.

கேள்வி: பேடில் 'சிஇ' என்று இருக்கிறது. போலியா?

பதில்: போலி இல்லை. வாரன்டியில் செவ்ரோலெட் மாற்றிக் கொடுத்த பிளாக். விலையை மட்டும் குறைத்துக் கேளுங்கள்.