கல்லூரிச் செலவும் அரசு உதவியும்: வாசகர் கேள்விகள்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. அமெரிக்காவில் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது என்ன உதவி கிடைக்கும், வந்த கடிதத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பதில்களில் வரும் ‘ஃபாஃப்சா’ என்பது மத்தியக் கல்வித் துறையின் இலவச விண்ணப்பம். மத்திய அரசின் மானியம், கடன், வளாக வேலை மூன்றுக்கும் அதுவே வாசல். பெரும்பாலான மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் அதையே பார்க்கின்றன. விண்ணப்பத்திலிருந்து கணக்கிடப்படும் எண்ணுக்கு ‘எஸ்ஏஐ’ என்று பெயர். அது குறையக் குறைய உதவி கூடும். அதன் கீழ் எல்லை மைனஸ் 1,500.

கேள்வி: நான் எச்-1பி வேலை விசாவிலும் மனைவி அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசாவிலும் இருக்கிறோம். மகன் இங்கேயே பிறந்தவன். நாங்கள் குடிமக்கள் அல்ல என்பதால் அவனுக்கு எதுவும் கிடைக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மனைவிக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இல்லை. (வாசகர், பிளேனோ, டெக்சஸ்)

நண்பர்கள் சொல்வது தவறு. மத்திய உதவிக்குப் பார்ப்பது மாணவரின் குடியுரிமையை மட்டுமே. பெற்றோரின் விசா நிலை பற்றி ஃபாஃப்சாவில் கேள்வியே கிடையாது. உங்கள் மகன் குடிமகன். வருமானம் இடம் கொடுத்தால் பெல் கிராண்ட் உட்பட எல்லாவற்றுக்கும் தகுதி உண்டு. பெல் கிராண்ட்டின் உச்சத் தொகை 2025-26 கல்வியாண்டில் 7,395 டாலர், குறைந்தபட்சம் 740 டாலர். இதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

இனி மனைவி விஷயம். நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரே வரிக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால், பெற்றோரில் ஒருவர் மட்டும் ஃபாஃப்சாவில் சேர்ந்தால் போதும். எண் உள்ள நீங்களே சேருங்கள். மகன் தன் கணக்கிலிருந்து அழைப்பு அனுப்பும்போது அம்மாவின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டுப் பிறகு தவிப்பது பல வீடுகளில் நடக்கிறது. தனித்தனியாக வரி தாக்கல் செய்திருந்தால்தான் இருவரும் வேண்டும். அப்போது எண் இல்லாதவரும் கணக்குத் திறக்கலாம். இணையத்தில் அடையாளம் உறுதியாகவில்லையென்றால் கடவுச்சீட்டு போன்ற சான்றைக் கேட்பார்கள், அதற்கு நாள் பிடிக்கும்.

தமிழர் வீடுகளில் அதிகம் சிக்குவது பெயரில்தான். அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், விசாவில் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியவில்லை) என்றும், வேறோர் ஆவணத்தில் இன்ஷியலாகவும் கிடக்கும். கணக்கில் எழுதும் பெயரும் பிறந்த தேதியும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். மாறினால் எண் பொருந்தாது, விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

வரி விவரத்தை வரித்துறையிலிருந்து நேரே எடுத்துக்கொள்ள மாணவரும் பெற்றோரும் சம்மதம் தர வேண்டும். ஒருவர் ‘முடியாது’ என்றாலும் எஸ்ஏஐ கணக்கிடப்படாது, மத்தியக் கடன்கூடக் கிடைக்காது. டெக்சஸில் ஃபாஃப்சாவுக்கான முன்னுரிமைத் தேதி ஜனவரி 15. டெக்சஸ் பல்கலைக்கழக அமைப்பு 2025 இலையுதிர்ப் பருவத்திலிருந்து, வரிக்கணக்கில் வரும் சரிக்கட்டிய வருமானம் (ஏஜிஐ) 1,00,000 டாலர் வரை உள்ள மாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தை ஏற்கிறது. இதற்கும் ஃபாஃப்சா வேண்டும்.

இன்னொன்று. பெற்றோர் பெயரில் வாங்கும் ‘பேரண்ட் பிளஸ்’ கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். உங்களுக்கு வராது. ஆனால் அந்தக் காரணத்தையே காட்டி, மகன் பெயரில் கூடுதல் மத்தியக் கடன் கேட்கலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 4,000 டாலர், அதன்பின் 5,000 டாலர். அதைத் தானாக யாரும் தர மாட்டார்கள். நிதியுதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும்.

கேள்வி: என் மகள் எச்-4 விசாவில் இருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படிக்கிறாள். கிரீன் கார்டு வரிசையில் ஐ-485 போட்டிருக்கிறோம். (வாசகி, சான் ரமோன், கலிஃபோர்னியா)

எச்-4 உள்ளவருக்கு மத்திய மானியமும் கடனும் இல்லை. ஐ-485 நிலுவையில் இருப்பது போதாது, கார்டு கையில் வர வேண்டும். இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை.

ஆனால் உள்மாநிலக் கட்டணம் வேறு கணக்கு. கலிஃபோர்னியா, டெக்சஸ் உட்படப் பல மாநிலங்களில் எச்-4 மாணவர் குடியிருப்பு நிரூபித்து உள்மாநிலக் கட்டணத்தில் படிக்கலாம். உங்கள் வீட்டுக்கு மிகப் பெரிய சேமிப்பு அதுதான். மதிப்பெண் அடிப்படையில் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகைகளில் சிலவும் விசா பார்க்காதவை. விண்ணப்பத்துக்கு முன்பே விதிகளைப் படித்துவிடுங்கள். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் இந்தக் கட்டண நிலை என்னாகும் என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். படிப்பின் நடுவில் கிரீன் கார்டு வந்தால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே ஃபாஃப்சா போட்டு, அட்டையின் நகலோடு அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: திருச்சியில் ஒரு மனை, ஊரில் அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவான நஞ்சை நிலம், சென்னையில் வாடகைக்கு விட்ட ஃபிளாட். இவற்றையெல்லாம் காட்ட வேண்டுமா? (வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

காட்ட வேண்டும். சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் சொத்துதான். மறைத்து, பின்னால் சரிபார்ப்பில் சிக்கினால் வாங்கிய உதவியைத் திருப்பிக் கட்ட நேரிடும். தெரிந்தே பொய் சொன்னால் அபராதமும் உண்டு. ஆனால் பயப்படும் அளவுக்கு அது இடிக்காது, கணக்கைப் பாருங்கள்.

விண்ணப்பிக்கும் நாளின் சந்தை மதிப்பிலிருந்து அந்தச் சொத்தின் மேல் உள்ள கடனைக் கழித்து, அன்றைய மாற்று விகிதத்தில் டாலராக எழுதுங்கள். பொது நிலத்தில் உங்கள் பங்கு மட்டும். 2026-27 முதல் குடும்ப விவசாய நிலத்துக்கு விலக்கு திரும்ப வந்திருக்கிறது, ஆனால் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். எடிசனில் இருந்துகொண்டு ஊர் வயலுக்கு அந்த விலக்கைக் கேட்க முடியாது. நீங்கள் குடியிருக்கும் வீடும் 401-கே போன்ற ஓய்வூதியச் சேமிப்பும் கணக்கில் வராது.

பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான் எஸ்ஏஐ-யில் ஏறும். உங்கள் நிகரச் சொத்து 30,000 டாலர் என்றால் ஏறுவது மிஞ்சிப்போனால் 1,692. அதே பணம் பிள்ளை பெயரில் வங்கியில் கிடந்தால் 20 சதவீதம், அதாவது 6,000. ‘அவன் பெயரிலேயே போட்டு வைப்போம்’ என்ற பாசம் இங்கே விலை கேட்கிறது. தாத்தா பாட்டி தங்கள் பெயரில் வைத்திருக்கும் ‘529’ என்ற கல்விச் சேமிப்பை ஃபாஃப்சாவில் காட்ட வேண்டியதில்லை. 2024-25 முதல் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணமும் மாணவர் வருமானமாகாது.

மிச்சிகன், நார்த் கரோலைனா சேப்பல் ஹில் போன்ற சில அரசுப் பல்கலைக்கழகங்கள் ‘சிஎஸ்எஸ் புரொஃபைல்’ என்ற தனிப் படிவமும் கேட்கும். அதன் விதிகள் வேறு.

கேள்வி: எங்கள் ஆண்டு வருமானம் 1,90,000 டாலர். ஃபாஃப்சா போடுவது வீண்தானே? (வாசகி, ஃப்ரீமாண்ட்)

கலிஃபோர்னியாவில் வீணில்லை. யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) வளாகங்களில் படிக்கும் மாநில மாணவர்களுக்கான ‘மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப்’பின் வருமான வரம்பு 2,00,000 டாலருக்கும் மேல். சொத்துக்கும் அதேபோல் வரம்பு உண்டு. இதற்கு மார்ச் 2-க்குள் ஃபாஃப்சா போயிருக்க வேண்டும். தேதி தவறியவர்கள்தான் ஒவ்வோர் ஆண்டும் வருந்துகிறார்கள். தவிர, வருமான வரம்பில்லாத மத்தியக் கடனுக்கும் இதே படிவம்தான்.

கேள்வி: மகளுக்கு வந்த கடிதத்தில் மொத்தச் செலவு 42,000 டாலர், நிதியுதவி 42,000 டாலர் என்று இருக்கிறது. அப்படியானால் இலவசமா? (வாசகர், நேப்பர்வில், இல்லினாய்)

இல்லை. உங்கள் கடிதத்தின் வரிகளை அப்படியே எடுத்துக்கொள்வோம். மாநில மானியம் 9,000. பல்கலைக்கழக மானியம் 8,000. வட்டிச் சலுகைக் கடன் 3,500. சலுகையற்ற கடன் 2,000. வளாக வேலை 2,500. பேரண்ட் பிளஸ் 17,000. ஆறு வரிகளையும் ஒரே பட்டியலில் போட்டுக் கூட்டியிருக்கிறார்கள். ஒரு பேனாவை எடுத்துத் திருப்பித் தர வேண்டாதவற்றை மட்டும் வட்டமிடுங்கள். முதல் இரண்டு மட்டுமே, 17,000. உங்கள் குடும்பம் ஏதோ ஒரு வகையில் தாங்க வேண்டியது 25,000.

வட்டிச் சலுகைக் கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டியை அரசு ஏற்கும். சலுகையற்ற கடனுக்குப் பணம் வந்த நாளிலிருந்து வட்டி ஓடும். பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு முதலாண்டில் இரண்டும் சேர்ந்து 5,500தான் உச்சம், அடுத்து 6,500, பிறகு 7,500. 2025-26 கடனுக்கு வட்டி 6.39 சதவீதம். நான்கு ஆண்டில் 27,000 டாலருக்குள் முடியும் கடன் இது. இதை எடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

பேரண்ட் பிளஸ் அப்படியல்ல. 2025-26 வட்டி 8.94 சதவீதம். அதற்கு முன்பே 4.228 சதவீதம் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். 17,000-க்கு 719 டாலர் கையில் வராமலே போகும், முதலாண்டு வட்டி மட்டும் 1,500-ஐத் தாண்டும். 2026 ஜூலை 1 முதல் புதிதாக இந்தக் கடன் வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. பட்டியலில் இருப்பதாலேயே இதை ‘உதவி’ என்று நினைக்காதீர்கள். வேண்டாமென்றால் மறுத்துவிடலாம், குறைத்தும் கேட்கலாம். மானியத்துக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை.

வளாக வேலை என்பது வேலை தேடிக்கொள்ளும் அனுமதி. உழைத்த மணிக்குச் சம்பளம் வரும், பருவத் தொடக்கத்தில் கட்டணத்தில் கழியாது. ஆகவே ஆகஸ்ட் மாதப் பில்லுக்கு அதை நம்ப வேண்டாம்.

இப்போது கட்ட வேண்டியதைப் பார்ப்போம். 42,000-இல் பல்கலைக்கழகம் பில் போடுவது கட்டணம், விடுதி, உணவு. உங்கள் கடிதத்தில் அது 36,000. மீதி 6,000 புத்தகம், பயணம், கைச்செலவு என்று அவர்கள் போட்ட மதிப்பீடு. 36,000-இல் மானியம் 17,000 போனால் 19,000. மாணவர் கடனில் கட்டணம் கழித்து வருவது ஏறக்குறைய 5,440. பிளஸ் வேண்டாமென்றால் நீங்கள் கட்டுவது ஆண்டுக்குச் சுமார் 13,560. பல வளாகங்களில் சிறு கட்டணத்தில் மாதத் தவணை வசதி உண்டு. வட்டி இல்லாத அதை முதலில் கேளுங்கள்.

பல்கலைக்கழக மானியம் 8,000 நான்கு ஆண்டுக்கும் உண்டா, எந்த ஜிபிஏ காக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதலாண்டுக்கு மட்டும் கொடுத்து இழுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வெளி அமைப்பிலிருந்து உதவித்தொகை வந்தால் அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். மொத்தம் செலவைத் தாண்டினால் எதையாவது குறைப்பார்கள். முதலில் கடனைக் குறையுங்கள், மானியத்தைத் தொடாதீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: ஃபாஃப்சாவில் 2024 வருமானம் வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் கணவருக்கு வேலை போய்விட்டது. எண்ணை மாற்றி எழுதலாமா? (வாசகி, பெல்வியூ, வாஷிங்டன்)

மாற்றாதீர்கள். 2026-27 படிவத்துக்கு 2024 வரிக்கணக்குத்தான் சட்டம். உள்ளபடி அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனித்தனியே ‘புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்’ மறுஆய்வு கேளுங்கள். பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, பணிநீக்கத்தின்போது தந்த ஈட்டுத்தொகை, வேலையின்மை உதவி, இந்த ஆண்டு வரக்கூடிய வருமானத்தின் மதிப்பீடு, இவ்வளவும் ஒரே தொகுப்பாக இருக்கட்டும். ‘கஷ்டத்தில் இருக்கிறோம்’ என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட, 2024-இல் இவ்வளவு, இப்போது இவ்வளவு என்ற நான்கு வரி அட்டவணை வேலை செய்யும். ஈட்டுத்தொகையை மறைக்க வேண்டாம், அது வரிக்கணக்கில் வந்தே தீரும். முடிவு அந்தப் பல்கலைக்கழகத்தினுடையது, கல்வித் துறையில் மேல்முறையீடு கிடையாது. ஓரிடத்தில் மறுத்தது இன்னோரிடத்தில் கிடைக்கலாம்.

கேள்வி: இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கல்லூரியில். பங்குத்தொகை பாதியாகும் என்று கேள்விப்பட்டேன். (வாசகர், ஷார்லட்)

முன்பு அப்படித்தான். 2024-25 முதல் அந்தக் கணக்கை எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் பல்கலைக்கழகத்தின் சொந்த மானியத்துக்கு இதைச் சொல்லிக் கேட்பது நியாயமானது, கேளுங்கள்.

கேள்வி: மகன் சுனி (நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம்) வளாகத்தில் ‘எக்செல்சியர்’ என்ற மாநில உதவித்தொகையும் பெல் கிராண்ட்டும் பெறுகிறான். ஒரு பாடம் கடினமாக இருக்கிறது, விட்டுவிடலாமா என்கிறான். (வாசகி, குவீன்ஸ், நியூயார்க்)

விடுவதற்கு முன் நிதியுதவி அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். பெல் கிராண்ட்டுக்கு 12 கிரெடிட் முழு அளவு. 9 என்றால் 75 சதவீதம், 7 என்றால் 58 சதவீதம். எல்லாப் பாடங்களையும் விட்டுப் பருவத்தின் நடுவில் விலகினால் இன்னும் மோசம். 60 சதவீத நாட்கள் முடியும் முன் விலகுபவர், இருந்த நாளுக்குரிய பங்கை மட்டுமே ‘சம்பாதித்தவர்’. 40 சதவீதத்தில் விலகினால் 3,600 டாலர் மானியத்தில் 1,440 மட்டும் அவருடையது. மீதியைப் பல்கலைக்கழகம் அரசுக்குத் திருப்பிவிட்டு, அந்தப் பாக்கியை மாணவரிடம் கேட்கும்.

எக்செல்சியருக்கு ஆண்டுக்கு 30 கிரெடிட் வேண்டும். இப்போது மூன்று விட்டால் குளிர்கால அல்லது கோடை வகுப்பில் அதை ஈடுகட்ட முடியுமா, அந்த வகுப்புக்கான கட்டணத்தை யார் தருவது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். விட்ட பாடங்கள் வேறோர் இடத்திலும் எண்ணப்படும். மத்திய உதவிக்குப் பெரும்பாலான கல்லூரிகள், எடுத்த கிரெடிட்டில் 67 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கின்றன. பட்டம் பெற்றபின் எத்தனை ஆண்டு எக்செல்சியர் வாங்கினாரோ அத்தனை ஆண்டு அவர் நியூயார்க் மாநிலத்திலேயே வசிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கடனாக மாறும். வேறு மாநிலத்து வேலையை ஒப்புக்கொள்ளும் முன் இதையும் அவர் கணக்கில் எடுக்க வேண்டும்.