கோர்ட்ல இருந்து வந்த பேப்பர் கட்டு

கேள்வி: நானும் என் பொண்ணும் இப்ப எங்க அம்மா வீட்ல இருக்கோம். வீட்டுக்காரர் டைவர்ஸ் கேட்டு போட்டிருக்கார்னு கோர்ட்ல இருந்து ஒரு கட்டு பேப்பர் வந்திருக்கு. எச்.எம்.ஓ.பி.னு ஒரு நம்பர், குழந்தையைப் பார்க்கணும்னு ஐ.ஏ. போட்டு இன்னொரு நம்பர். இதைக் கையெழுத்து போட்டு வாங்கியிருக்கவே கூடாதுன்னு சித்தப்பா திட்றார். எனக்கு வேலையும் இல்ல, வக்கீலுக்குக் குடுக்க காசும் இல்ல. என்ன பண்றது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வாங்கினதுதான் சரிம்மா. சம்மனை வேண்டாம்னு திருப்பி அனுப்பினாலும் உங்களுக்குத் தகவல் சேர்ந்துடுச்சுன்னுதான் கோர்ட் எடுத்துக்கும், நீங்க இல்லாமலே கேஸ் நடந்து எக்ஸ்பார்ட்டியா டைவர்ஸே ஆயிடும், அப்புறம் அதை ரத்து பண்ணச் சொல்லி 30 நாளுக்குள்ள மனு போட்டு அலையணும்.

முதல்ல சம்மன்ல இருக்கிற வாய்தா தேதியைக் குறிச்சு வைங்க, அன்னிக்கு கண்டிப்பா போகணும். எச்.எம்.ஓ.பி.ங்கிறது இந்து திருமணச் சட்டத்துல போட்ட மெயின் கேஸ். அந்த மனுவுல பிரிவு 13(1)(ஐ-ஏ)ன்னு இருந்தா நீங்க கொடுமைப்படுத்தினதா காரணம் சொல்லியிருக்கார். ஒவ்வொரு பாராவுக்கும் கவுன்ட்டர்ல, அதாவது நீங்க எழுத்துல போடுற பதில் மனுவுல, பதில் வரணும், மறுக்காம விட்டதை ஒத்துக்கிட்டதா எடுத்துக்க வாய்ப்பிருக்கு. ஐ.ஏ. அதே கேஸுக்குள்ள போடுற தனி மனு, அதுக்குத் தனி கவுன்ட்டர் வேணும். பல பேர் மெயின் கேஸுக்கு மட்டும் பதில் போட்டுட்டு இதை விட்டுடறாங்க, குழந்தை விஷயத்துல உங்க பக்கத்தைக் கேட்காமலே ஆர்டர் வந்துடும்.

அந்தக் கட்டுல இல்லாத ஒரு பேப்பரும் இருக்கு, அதை நீங்கதான் போடணும். இந்து திருமணச் சட்டம் பிரிவு 24-ல கேஸ் முடியற வரைக்கும் மாசச் செலவுக்கும் கேஸ் செலவுக்கும் அதே கோர்ட்ல கேக்கலாம். 2020-ல ரஜ்னேஷ் - நேஹா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கு அப்புறம், ஜீவனாம்சம்னு வந்தா ரெண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்டா, அதாவது உண்மைன்னு சத்தியம் பண்ணி எழுத்துல, போடணும். என் அபிப்பிராயத்துல உங்க கேஸ்ல ரொம்ப முக்கியமான பேப்பர் இதுதான். அவரோட சம்பள ஸ்லிப், பி.எஃப்., பேங்க் விவரம்னு கைல இருக்கிறதை எடுத்து வைங்க, ஸ்கூல் ஃபீஸ் ரசீது, மருந்து பில்லும் கூட. உங்க படிப்பு, முன்னாடி பாத்த வேலையை மறைக்காதீங்க, பொய்னு தெரிஞ்சா நம்பிக்கையே போயிடும்.

வக்கீலுக்காகக் கவலைப்படாதீங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ம் வருஷத்து சட்டமே சொல்லுது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க, இல்லன்னா 15100-க்கு போன் பண்ணுங்க. வக்காலத்துல, அதாவது இவர்தான் என் வக்கீல்னு குடுக்கிற பேப்பர்ல, கையெழுத்து போட்டாதான் வக்கீல் உங்களுக்காக ஆஜராக முடியும், ஆனா எழுதாத வெத்துப் பேப்பர்ல மட்டும் யார் கேட்டாலும் போடாதீங்க. இங்கிலீஷ்ல டைப் பண்ணினதைத் தமிழ்ல சொல்லச் சொல்லி, சரியா இருந்தா போட்டுட்டு காப்பி வாங்கிக்குங்க.

கேள்வி: ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறோம். என்ன பேப்பர் வேணும்?
- வாசகர், சேலம்

பதில்: இந்து திருமணச் சட்டம்னா 13-பி-ல கூட்டு மனு. குறைஞ்சது 1 வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும். கல்யாண சர்டிஃபிகேட் இல்லன்னா பத்திரிகை, போட்டோ, ரெண்டு பேரோட அட்ரஸ் ப்ரூஃப் வைங்க. நகை, சீர், பணம், குழந்தை யார்கிட்டங்கிறதை மனுவுலயே எழுதிடுங்க, வாய்ப்பேச்சா விடாதீங்க. 6 மாசம் கழிச்சு மறுபடி வந்து சம்மதம் சொல்லணும், தகுந்த கேஸ்ல அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி பண்ணலாம்னு 2017-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதுக்குத் தனி மனு போடணும்.